மூன்றாம் ஓலை

கணபதி, கோவை
12.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், ஜோவிதாவின் அம்மா, ஜோவிதா மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலையில் பனி இன்னும் விடவில்லை என்று வால்பாறை பஸ் டிரைவர் சொன்னார். எஸ்டேட் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கைத் துடைத்துவிட்டு உங்கள் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மண்டபம் மே ஒன்பதாம் தேதிக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் மகனுக்கு என் மகள் என்று எப்போதோ பேசியது, ஒருவழியாகத் தேதி குறித்தாயிற்று. ஷெர்வினுக்கு நாக்பூர் விலாசத்துக்கு எழுதிவிட்டேன். பம்பு கம்பெனியில் லீவு கேட்கும்போது என் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்டுத்தானே அவனை வேலைக்கே எடுத்தார்கள், லீவு தர மாட்டார்களா?

இன்னொரு சங்கதி. நேற்று ஆராதனையில் எங்கள் ஆயர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "இனிமே இந்தச் சபையில கல்யாணம்னா பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் எய்ட்ஸ் டெஸ்ட் பண்ணிச் சர்ட்டிபிகேட் கொண்டாரோணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கறமில்லைங்களா? மூணாவது ஓலைக்கு முன்னாடி சர்ட்டிபிகேட் என் கைக்கு வரோணும். வரலைன்னா மூணாவதை வாசிக்க மாட்டேன். யாருக்கு, என்னன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். வாசிக்காம விட்டுப்போடுவேன், அவ்வளவுதானுங்க" என்றார்.

பிரசங்க மேடையிலிருந்து அந்த நோயின் பெயரைக் கேட்டதும் பெரியவர்களெல்லாம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்கு ஆயர் மேல் கோபம் வரவில்லை. போன வருஷம் எங்கள் சபையில் கல்யாணமான ஒரு பெண், புருஷனைப் புதைத்து ஆறு மாதத்தில் தானும் போய்ச் சேர்ந்தாள். வீட்டார் டி.பி. என்றார்கள். இரண்டு பேரையும் அடக்கம் பண்ணியவர் இவர்தான். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

நானும் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டிக் கொடுக்கிறவன். ஓட்டிக் காட்டாமல் எவன் வாங்கிப் போகிறான்? புது ஏற்பாட்டில் முதல் ஜோடி நம் பிள்ளைகள்தான். ஒரு ஊசிக் குத்து, ஒரு சர்ட்டிபிகேட், வேலை முடிந்தது.

பதில் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
தங்கராஜ்

*

வால்பாறை
27.2.1996

அன்புத் தம்பி தங்கராஜுக்கு,

அக்கா அற்புதம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். முழங்கால் இருக்கிறபடிதான் இருக்கிறது. உங்கள் மூவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறேன், வந்ததா?

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பிடித்தது என்று எழுத எனக்கு வராது. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம். ஜோவிதா தொட்டிலில் கிடந்தபோது இவள் என் மருமகள் என்று நான்தான் முதலில் சொன்னேன். இன்றைக்கு என் பிள்ளை கையில் ஊசியைக் குத்திப் பார்த்துத்தான் பெண் கொடுப்பாயா? ஊசி போடுகிறவன் நாளைக்கு நாலு இடத்தில் கதை பேச மாட்டானா? எங்கள் சபையில் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். மண்டபக்காரரிடம் சொல்லிவிடு.

ஷெர்வின் கிறிஸ்துமசுக்கு வந்து போனான். இளைத்துத்தான் இருக்கிறான். ஓட்டல் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போன மழைக்காலத்தில் நாக்பூரில் அவனுக்கு வந்த காய்ச்சல் மலேரியாதான் என்று அங்கே டாக்டரே சொல்லியிருக்கிறார். உங்கள் ஆஸ்பத்திரியில் அதைக் கிளறி வேறு ஏதாவது பெயர் வைத்துவிடப் போகிறார்கள்.

யோசித்து எழுது. ஜோவிதாவுக்கு என் முத்தங்கள்.

அக்கா,
அற்புதம்

*

கணபதி
20.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வெயில் மட்டும் ஆளைக் கொல்கிறது. உங்கள் குளிரில் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். தேயிலைத்தூள் வந்தது. ஜோவிதா அதை யாருக்கும் கொடுக்காமல் அத்தை வீட்டுச் சீதனம் என்று ஒளித்து வைத்திருக்கிறாள்.

காய்ச்சலைப் பற்றி நான் கேட்கவே இல்லையே அக்கா? இளைத்த பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் தன்னால் சதை போடும்.

கல்யாணத்தை வால்பாறையில் வைத்தால் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தாளி வாந்தி எடுத்துக்கொண்டுதான் வருவான். இங்கேயே நடக்கட்டும். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று ஷெர்வினிடமே போனில் கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம், "ஆயர் சொல்றது சரிதானுங்க மாமா, நான் வந்தர்றேன்" என்றான். மாப்பிள்ளையே சொன்ன பிறகு மாப்பிள்ளையின் அம்மா முறைக்கக் கூடாது.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் பதினாலில் முதல் ஓலை. அந்த வாரமே இரண்டு பேரும் ரத்தம் கொடுக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தங்கராஜ்

*

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு
24.4.1996

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

ஷெர்வின் எழுதுவது. சுகம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு அந்த வரி எனக்கு வரவில்லை, மன்னித்துவிடுங்கள்.

காலையில் ஜோவிதாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். போன வாரம் என்னிடம் மட்டும் இன்னொரு முறை ரத்தம் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் ஜோவிதாவைக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை மாமா. என்னைக் கூப்பிட்ட டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார்கள். எனக்குத்தான். இரண்டு தடவை பார்த்தும் அதேதான். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். கவனமாக இருந்தால் சில வருஷம் நன்றாகவே இருக்கலாம் என்றார்கள்.

வெளியே வந்து ஜோவிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "காப்பி குடிக்கலாங்களா?" என்றாள். குடித்தோம். அவள்தான் காசு கொடுத்தாள். அவளை உங்கள் வீட்டுத் தெருமுனை வரை கொண்டு வந்து விட்டுவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுத மாட்டேன். நாக்பூரில் தனியாக இருந்த நாளில் நானாகப் போன இடம்தான். யார் மேலும் பழி இல்லை.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். கல்யாணம் நின்றதற்கு நீங்கள் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். குடிகாரன் என்று சொல்லுங்கள், பொறுக்கி என்று சொல்லுங்கள். இந்த நோயின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடும். எஸ்டேட்டில் தெரிந்தால் காப்பகத்தில் ஒரு பிள்ளையையும் அம்மாவைத் தூக்க விட மாட்டார்கள்.

இனி எந்தப் பெண்ணின் வாழ்க்கையிலும் நான் நுழைய மாட்டேன். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

ஷெர்வின்

*

கணபதி
29.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறீர்களா? ஷெர்வின் உங்களிடம் சொல்லியிருப்பான். அவனைத் திட்டாதீர்கள். வாயில் ஒரு பொய் வைக்காமல் என்னிடம் சொன்னான், அந்தத் தைரியம் என் வயசுக்கு எனக்கே வராது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு எழுதிவிட்டேன். ஜோவிதாவும் அவள் அம்மாவும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். அவனை நல்ல டாக்டரிடம் தவறாமல் காட்டுங்கள்.

நேற்று மூன்றாவது ஓலைக்கு உரிய ஞாயிறு. ஆயர் வாசிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஓர் ஓலையை வாசிக்காததை யார் கவனிக்கப் போகிறார்கள், அப்புறமாகப் பையனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மடையன் மாதிரி இருந்துவிட்டேன். ஆயர் வேறொரு ஜோடியின் முதல் ஓலையை வாசித்தார். அடுத்தது நம்முடையது. அவர் நோட்டை மூடிவைத்துவிட்டுப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது அக்கா. ஷெர்வின் இங்கே இல்லை. ஜோவிதா பாடகர் வரிசையில் எல்லோர் கண்ணுக்கும் நேராக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவள் பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பிடித்திருந்தாள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். என் மகள் தனியாகப் பிடித்துக்கொண்டு கடைசிச் சரணம் வரைக்கும் பாடினாள்.

ஆராதனை முடிந்து ஆயரிடம் போனேன். "ஏனுங்க ஐயா, கல்யாணம் தள்ளிப் போகுதுன்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?" என்றேன். அந்த மனிதர் உண்மையாகவே திகைத்தார். "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலையே தங்கராஜ்? உங்க ரகசியத்தைக் காப்பாத்திட்டேனுங்களே?" என்றார். அவரை அடிக்கவா முடியும்?

குடிகாரன் என்று ஒரு காரணம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு? ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தப்பாகத் தெரிந்துவிட்டது.

இது அடங்கிவிடும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தங்கராஜ்

*

வால்பாறை
2.6.1996

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, காப்பகத்தில் பிள்ளைகளுக்கு அம்மை.

நீ செய்த உதவியைக் கர்த்தர் மறக்க மாட்டார். தொடர்ந்து வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். முக்கியமாக ஜோவிதாவின் அம்மாவிடம் சொல், அவளுக்கு அக்கம்பக்கம் பேச்சு அதிகம்.

ஷெர்வினை வேறிடத்தில் காட்டினோம். அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னார்கள். எந்த டாக்டர் என்று கேட்காதே. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாருடைய ரத்தத்தை யாருடைய பெயரில் எழுதினார்களோ.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதே. எஸ்டேட்டில் என் கண் முன்னால் இருந்திருப்பான். ஊர் ஊராகப் பம்பு மாட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்து அவனை வடக்கே அனுப்பியது நீதான்.

இங்கேயும் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
அற்புதம்

*

கணபதி
8.7.1996

அன்புள்ள அத்தைக்கு,

ஜோவிதா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். இதை நம்புகிறவர்கள் இந்த ஊரில் மூன்று பேர்தான். அதில் நானும் ஒருத்தி. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன வாரம் உங்கள் எஸ்டேட்டிலிருந்து ராசப்பன் என்பவர் அப்பாவின் பட்டறைக்கு மோட்டார் கொண்டு வந்தார். நான் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "ஏனுங்க, அற்புதம் அம்மா தம்பி பட்டறைங்களா இது? பாவமுங்க அந்தம்மா. தம்பி பொண்ணுக்கு ரத்தத்துல கோளாறாமா. நல்லவேளை, கட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சுபோச்சுன்னு கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லி அழுதாங்க" என்றார். அப்பா காயில் சுற்றிக்கொண்டிருந்தார். கம்பி அறுந்தது. மறுபடியும் சுற்றினார்.

அத்தை, இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். சபைக்கு முன்னால், சாட்சியாக.

இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியில், "பேச்சு அடங்கற வரைக்கும் லீவுல இரு கண்ணு" என்று தலைமையாசிரியை சொன்னார்கள். தாய்மார்கள் கேட்கிறார்களாம். திருவிருந்தில் நான் திராட்சரசம் குடித்த பாத்திரத்தைப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் உதட்டில் வைக்காமலே ஆமென் சொல்லி எழுந்து போனார். இந்த மாதம் நானே கடைசி ஆளாகப் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்ற சர்ட்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், அப்படியானால் பையனுக்குத்தானா என்பார்கள். அதனால் பீரோவிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்காகத்தான் அத்தை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை. உங்கள் மேல் வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே கோயிலில் அதே மாதிரி எழுந்து நின்று, பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். யாருக்கு என்று சொல்ல வேண்டாம்.

உங்கள்,
ஜோவிதா

*

வால்பாறை
11.8.1996

தம்பி தங்கராஜுக்கு,

இங்கே அடைமழை. நானும் ஷெர்வினும் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். ஜோவிதாவின் கடிதம் வந்தது. பெரியவர்களுக்கு எழுதுகிற கடிதமா அது? சின்னப் பெண் என்று விட்டுவிட்டேன்.

ஷெர்வினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. காரமடையில் நூல் மில் மேஸ்திரி மாசாணம் என்பவரின் மகள், பெயர் மதிவதனி. பன்னிரண்டாவது வரை படித்தவள். நம் சாதிசனம்தான், கும்பிடுகிற சாமிதான் வேறு. இங்கேயும் கோயிலில் ஓலைக்குச் சர்ட்டிபிகேட் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் காரமடையிலேயே மண்டபத்தில் தாலி கட்டிக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். ஐப்பசியில், தீபாவளி கழிந்து.

நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. கேள். அவன் அப்பா லாரி கவிழ்ந்து செத்தபோது அவனுக்கு நாலு வயசு. முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தேன். அவன் கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றையாக நின்றால், கோளாறு அவனுக்குத்தான் என்று ஊர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். எனக்குப் பிறகு காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவன் பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா? அந்தப் பெண்ணுக்கு வந்துதான் தீரும் என்று யார் சொன்னது? கர்த்தர் காப்பாற்றுவார்.

அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். ஒத்துக்கொண்டான்.

நீ அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். என் தம்பி வாக்கு மாறாதவன்.

அக்கா,
அற்புதம்

*

கணபதி
16.8.1996

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை.

வாக்கைப் பற்றி எனக்கு எழுதுகிறீர்கள். உங்கள் பிள்ளையும் எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்தான். அதைப் பட்டினி கிடந்து முறித்தது நீங்கள். என் மகளின் பெயரை நாறடித்தீர்கள், அக்காதானே என்று மென்று விழுங்கினேன். அவள் உயிரோடாவது இருக்கிறாள். அந்தக் காரமடைப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்? அவளும் ஒருத்தி முதுகில் கட்டி வளர்த்த பிள்ளைதானே?

கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டுமென்றால் ஷெர்வினை என் வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசி வரைக்கும் நான் பார்க்கிறேன். ஜோவிதாவும், "அவர் வரட்டுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்கிறாள். இதை விடவா உங்களுக்கு ஒரு மருமகள் வேண்டும்? ஆனால் கஞ்சிக்காக ஒரு பெண்ணைத் தெரிந்தே கொல்ல முடியாது.

நீங்களே அவர்களிடம் ஏதாவது சொல்லி நிறுத்துங்கள். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் மாசாணத்துக்கு நான் எழுதுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் முதுகில் குத்திவிட்டான் என்று சொல்லக் கூடாது.

தங்கராஜ்

*

கணபதி
9.9.1996

காரமடை மாசாணம் ஐயா அவர்களுக்கு,

கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நமக்குள் பழக்கமில்லை. உங்கள் மகளை மணக்க நிச்சயித்திருக்கும் ஷெர்வினின் தாய்மாமன் நான்.

நேரில் வரத்தான் நினைத்தேன். பெண் இருக்கிற வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய சங்கதி இல்லை, நாலு வீட்டுக்குக் கேட்டுவிடும். அதனால் எழுதுகிறேன். ஐயா, இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்கள். பையன் நல்லவன், ஆனால் அவன் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது. ஏப்ரலில் என் மகளுக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் கோயில் சட்டப்படி இருவருக்கும் சோதனை செய்து தெரிந்தது. என் மகளுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய சர்ட்டிபிகேட்டை இதோடு வைத்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவளுக்கு எதிராக எழுதுகிறேன். பொய்யென்றால் என் கை அழுகிப் போகட்டும்.

என்னை நம்ப வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் பையனை எந்த ஆஸ்பத்திரியிலாவது ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள், அது போதும். இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடமும் காட்டுங்கள். படித்த பெண், அவளுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் ஒரு வரி எழுதினால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

தங்கள்,
தங்கராஜ்

*

காரமடை
23.9.1996

பெரியவர் தங்கராஜ் அவர்களுக்கு,

காரமடை மாசாணம் வணக்கத்துடன் எழுதுவதுங்க. நாங்கள் எல்லோரும் நலம். தாங்களும் நலமாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஜனம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. ஐப்பசி என்று இருந்ததைச் சம்பந்தியம்மா ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். நாங்களும் சரியென்றோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததுங்க.

தாங்கள் எழுதுவீர்கள் என்று சம்பந்தியம்மா போன மாதமே சொல்லியிருந்தார்கள். "என்ற தம்பி பொண்ணுக்கு ரத்தத்துல குறைங்க. அதனாலதான் நின்னுபோச்சு. தம்பி அந்த ஆத்தரத்துல எம்பையனைச் சொல்லி எழுதுவானுங்க, ஆஸ்பத்திரிக் காகிதங்கூட வெச்சு அனுப்புவானுங்க" என்றார்கள். சொந்தத் தம்பியை அப்படிச் சொல்லும்போது அந்தம்மா அழுத அழுகையைத் தாங்கள் பார்க்கவில்லை.

ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்கிறவன் இல்லைங்க நான். அப்போதே எங்கள் பங்காளி ஒருவரைக் கணபதிக்கு அனுப்பி விசாரித்தேன். உங்கள் கோயில் ஆட்களே பெண்ணுக்குத்தான் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், கோயிலில் கடைசியாகத்தான் பாத்திரம் கொடுப்பதாகவும் சொன்னார்கள். அப்படி இல்லையென்றால் தாங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்றதும் எழுதினால் நான் எதை நம்புவதுங்க?

கடிதத்தை மதிவதனியிடம் காட்டவில்லை. தண்ணீர் காய்கிற அடுப்பில் போட்டுவிட்டேன். சர்ட்டிபிகேட்டை மட்டும் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அதிகம் பேச மாட்டேன் என்கிறார். தாலி கட்டும்போது கண்ணீர் விட்டு அழுதுவிட்டார். அப்பா இல்லாத பிள்ளை, அந்த நேரத்தில் நினைப்பு வராதா என்று எங்கள் வீட்டுப் பெண்களும் அழுதார்கள். முந்தாநாள் இருவரும் நாக்பூருக்கு ரயில் ஏறினார்கள். மகள் சந்தோஷமாகத்தான் போனாள்.

தங்கள் மேல் எனக்குக் கோபமில்லைங்க. நானும் பெண்ணைப் பெற்றவன். தங்கள் மகளை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாமுங்க.

இப்படிக்கு,
மாசாணம்